பிஸ்கட் புடிங்: அடுக்குகளுக்கு நடுவே என்ன இருக்கிறது?

பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டியாயிற்று. வந்தவர்கள் சாப்பிட்டுக் கையும் கழுவியாயிற்று. இனித்தான் பிள்ளைகளின் கண் குசினிப் பக்கம் திரும்பும். பிரிட்ஜிலிருந்து ஒரு கண்ணாடித் தட்டம் வெளியே வரும். பக்கவாட்டில் பார்த்தால் கறுப்பும் மண்ணிறமுமாய் வரிவரியாகத் தெரியும். மேலே வறுத்த கஜு தூவியிருக்கும். அதுதான் சொக்லேட் பிஸ்கட் புடிங்.

இலங்கையில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடில்லாமல் எல்லா வீட்டு விசேஷங்களிலும் இடம்பிடித்த இனிப்பு இது. பிறந்தநாள், நத்தார், பெருநாள், சாமத்திய வீடு, எதுவானாலும் சரி. ஓவன் தேவையில்லை. முதல்நாளே செய்து வைத்துவிடலாம். பத்து வயதுப் பிள்ளையும் பக்கத்தில் நின்று பிஸ்கட் அடுக்கலாம்.

அடுப்பே மூட்டாமல் செய்யலாம் என்பதுதான் இதன் பெருமை. உடல்நலத்தை வைத்துப் பார்த்தால் இதன் சிக்கலும் அதுவேதான்.

கலியாணத்துக்குப் பிறந்த பிஸ்கட்

இந்தப் புடிங்குக்கு எலும்பு மாரி பிஸ்கட். 1874இல் ரஷ்ய இளவரசி மரியா அலெக்சாந்திரோவ்னாவுக்கும் எடின்பரோ கோமகனுக்கும் நடந்த திருமணத்தையொட்டி லண்டனில் இருந்த பீக் பிரீன் நிறுவனம் இதை முதலில் செய்தது. பெயரும் மணமகளுடையதே.

கலியாணத்துக்குப் பிறந்த அந்த பிஸ்கட் நம்மிடம் வந்து நோயாளியின் பிஸ்கட் ஆகிவிட்டது. காய்ச்சல்காரருக்கு மாரி. ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கப் போனால் கையில் ஒரு பைக்கற் மாரி. 'சீனி வருத்தம்' உள்ளவருக்கும் கிரீம் பிஸ்கட்டைத் தள்ளிவைத்துவிட்டு மாரியை நீட்டுவோம். இனிப்பு நாக்கில் குறைவாகத் தெரிவதால் வந்த நம்பிக்கை இது. உண்மையில் அது கோதுமை மாவும் சீனியும் தாவர எண்ணெயும்தான். பொதுவாக 100 கிராம் மாரியில் 20 கிராம் அளவுக்குச் சீனி இருக்கும். மீதியில் பெரும்பகுதி மாப்பொருள். அதுவும் வயிற்றுக்குள் போய் குளுக்கோஸாகத்தான் மாறும். பைக்கற்றின் மேல் சீனி, உப்பு, கொழுப்புக்கான பச்சை, மஞ்சள், சிவப்பு நிறக் குறிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. வாங்கும்போது விலையைப் பார்க்கிற கண் ஒருதரம் அங்கேயும் போகட்டும்.

ஒரு துண்டின் கணக்கு

ஆனால் பிஸ்கட்டை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. பாரத்தில் பெரும்பங்கு இரண்டு பிஸ்கட் வரிசைகளுக்கு நடுவே பூசுகிற ஐசிங்கில் இருக்கிறது.

வீடுகளில் வழக்கமாகச் செய்கிற அளவையே எடுத்துக்கொள்வோம்: 250 கிராம் பட்டர், 300 கிராம் ஐசிங் சீனி, 50 கிராம் கொக்கோத் தூள், 2 முட்டை, 300 கிராம் பிஸ்கட், 100 கிராம் கஜு, நனைக்க ஒரு கோப்பைப் பால். எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய 5,200 கலோரி. தட்டத்தை 12 துண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்கு 430 கலோரிக்கு மேல் வருகிறது. நல்ல பசியில் சாப்பிடும் ஒரு வேளைச் சோற்றுக்கு அது சமம். நாம் அதைச் சோற்றுக்குப் பிறகு சாப்பிடுகிறோம்.

சீனி? ஐசிங்கில் 300 கிராம், பிஸ்கட்டில் 60 கிராம் சொச்சம். ஒரு துண்டுக்கு 30 கிராம், அதாவது ஆறேழு தேக்கரண்டி. உலக சுகாதார அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டல், நாளொன்றுக்குச் சாப்பிடும் கலோரியில் சேர்க்கப்பட்ட சீனியின் பங்கு 10 வீதத்தைத் தாண்டக்கூடாது, 5 வீதத்துக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 5 வீதம் 25 கிராம். தேநீர், கேக், குளிர்பானம் எதையும் எண்ணாமலே ஒற்றைத் துண்டு அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது.

நிறைவுற்ற கொழுப்பும் அப்படித்தான். 250 கிராம் பட்டரில் மட்டும் ஏறக்குறைய 128 கிராம் இருக்கிறது. மற்றவற்றையும் சேர்த்துப் பங்கிட்டால் துண்டுக்கு 13 கிராம். நாள் முழுவதற்கும் 22 கிராமே மேல்வரம்பு எனும்போது, பாதிக்கு மேல் ஒரு சின்னத் தட்டில் முடிந்துவிடுகிறது. பட்டருக்குப் பதில் மாஜரின் போட்டால் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பகுதியளவு ஐதரசனேற்றிய எண்ணெய் சேர்ந்த மாஜரின் என்றால், இதயத்துக்கு இன்னும் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு அதில் இருக்கும்.

அடித்த முட்டை வெந்த முட்டை அல்ல

ஐசிங் பளபளப்பாகவும் இலேசாகவும் வர வேண்டுமென்று பல வீடுகளில் பச்சை முட்டையை அதில் அடித்துச் சேர்ப்பார்கள். இதில்தான் உடனடி ஆபத்து இருக்கிறது.

சல்மொனெல்லா என்ற பக்டீரியா முட்டைக் கோதின் வெளியில் மட்டும் ஒட்டியிருப்பதில்லை. தொற்றிய கோழியின் சூலகத்திலிருந்தே முட்டைக்கு உள்ளேயும் வரக்கூடும். அப்படிப்பட்ட முட்டை நிறத்திலோ மணத்திலோ வேறுபட்டுத் தெரியாது. கோதைக் கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது. பீற்றரால் எவ்வளவு நேரம் அடித்தாலும் அது வேகாது. வனிலாவோ தேசிக்காய்ச் சாறோ இரண்டு கரண்டி பிராண்டியோ அதைக் கொன்றுவிடும் என்று நம்பவும் முடியாது. பிரிட்ஜின் குளிர் கிருமி பெருகுவதைத் தடுக்கும், அவ்வளவுதான். முட்டை சேர்ந்த கலவையின் சூடு 71 பாகை செல்சியசுக்கு ஏறினால்தான் பயமில்லை.

நல்ல உடல்கட்டுள்ளவருக்கு இது சில நாள் வயிற்றோட்டமாகக் கழிந்துவிடலாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு அப்படிக் கழியாது. கொண்டாட்ட வீட்டில் இவர்களில் ஒருவராவது இல்லாமல் இருப்பது அரிது.

சுவை எங்கே இருக்கிறது?

இவ்வளவையும் கேட்டபின் 'அப்போ புடிங்கே வேண்டாமா?' என்று கேட்கத் தோன்றும். வேண்டும். ஆனால் அதில் நமக்கு உண்மையில் பிடித்தது எது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்போம்.

செய்த உடனே சாப்பிட்டால் இது வெறும் நனைந்த பிஸ்கட்டும் பட்டரும்தான். மறுநாள் சாப்பிட்டால் பிஸ்கட் எது, கிரீம் எது என்று பிரிக்க முடியாது. கரண்டி கேக்கில் இறங்குவதுபோல இறங்கும். அந்த மாற்றத்தைச் செய்தது பட்டர் அல்ல. உலர்ந்த பிஸ்கட் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை இரவு முழுக்க மெல்ல உறிஞ்சி இளகுகிறது. ஈரமும் நேரமும் கிடைத்தால் போதும். பட்டர் ஐசிங்கில் ஈரம் குறைவு என்பதால்தான் பிஸ்கட்டைப் பாலில் தனியாக நனைக்கிறோம். அதற்குப் பதிலாக ஈரம் நிறைந்த, காய்ச்சிய கொக்கோ கஸ்டர்ட்டை அடுக்குகளுக்கு நடுவே ஊற்றினால் அதே வேலை இன்னும் நன்றாக நடக்கும். பச்சை முட்டைக்கும் அங்கே வேலை இல்லை.

காய்ச்சிச் செய்யும் முறை

பால் 1 லீற்றர், கோன்பிளவர் 80 கிராம், சீனி சேராத கொக்கோத் தூள் 40 கிராம், சீனி 100 கிராம், பட்டர் 40 கிராம், மாரி பிஸ்கட் 250 கிராம், வறுத்துப் பொடித்த கஜு 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, சிறிது வனிலா. பால்மா கரைத்த பாலும் பொருந்தும். கொக்கோவுக்குப் பதிலாகச் சொக்லேட் பானத் தூளைப் போட வேண்டாம். சீனியும் அதோடு சேர்ந்து வரும்.

கோன்பிளவர், கொக்கோ, சீனி, உப்பு நான்கையும் ஒரு கோப்பைக் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதிப் பாலை அடிகனமான பாத்திரத்தில் சூடாக்கி, கரைசலை ஊற்றிக் கை எடுக்காமல் கிண்டுங்கள். கலவை தடித்துக் குமிழ் விட்டு வெடிக்கத் தொடங்கிய பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். அப்போதுதான் மாவின் பச்சை வாடை போகும், இறுக்கமும் நிற்கும். இறக்கி, பட்டரும் வனிலாவும் சேருங்கள். சீனி குறைந்தது தெரியாமலிருக்க அரைத் தேக்கரண்டி கோப்பித் தூள் சேர்க்கலாம்; சொக்லேட்டின் மணம் அதில் எடுப்பாக வரும். சிறுபிள்ளைகளுக்கு என்றால் அதை விட்டுவிடுங்கள்.

முட்டைச் சுவை வேண்டும் என்பவர்கள் இரண்டு மஞ்சட்கருவைக் குளிர்ந்த கரைசலிலேயே கலந்து, முழுக் கலவையையும் கொதிக்க விட வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. மஞ்சட்கருவில் மாப்பொருளை உடைக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது. கொதி வராமல் இறக்கினால், இரவு இறுகிய கஸ்டர்ட் காலையில் நீர்த்துப் போயிருக்கும். கிருமிக்காகக் கொதிக்க வைப்பது பதத்துக்கும் நல்லது.

இனி அடுக்கலாம். தட்டத்தில் ஒரு வரி பிஸ்கட், அதன்மேல் இளஞ்சூட்டுக் கஸ்டர்ட், மறுபடி பிஸ்கட். கஸ்டர்ட்டிலேயே ஈரம் இருப்பதால் பிஸ்கட்டைப் பாலில் நனைக்க வேண்டியதில்லை. நனைத்தே பழகியவர்கள் காய்ச்சி ஆற்றிய பாலில் ஒரு நொடி தோய்த்து எடுத்தால் போதும். பல தரம் விரல் பட்ட அந்தப் பாலின் மிச்சத்தைத் தேநீருக்கு எடுக்காமல் கொட்டிவிடுங்கள். மேலே கஜுவைத் தூவி, ஓர் இரவு குளிரில் வையுங்கள்.

16 துண்டாக வெட்டினால், ஒவ்வொன்றும் பழைய துண்டைப் போலவே ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். கலோரியோ 200 அளவில்தான். சேர்த்த சீனி 10 கிராமுக்குக் கிட்ட. நிறைவுற்ற கொழுப்பு 4 கிராமுக்குக் கிட்ட. துண்டு சிறுக்கவில்லை, நடுவில் பூசியது மட்டுமே மாறியிருக்கிறது.

சீனிக்குப் பதில் பனங்கட்டியோ கித்துள் பாணியோ சேர்ப்பது சுவைக்கு நல்லதுதான். 'இயற்கை இனிப்பு' என்று அளவைக் கூட்டினால் பயனில்லை. இரத்தத்துக்கு அவையும் சீனியே.

மேசையில் எத்தனை மணி நேரம்?

கஸ்டர்ட்டைக் காய்ச்சிவிட்டோம் என்று கவனத்தைத் தளர்த்தவும் கூடாது. பாலும் மாவும் சேர்ந்த ஈரமான உணவு கிருமிகளுக்கும் விருந்து. சில பக்டீரியாக்களின் வித்துகள் கொதிப்பையும் தாங்கிக் கிடந்து, உணவு மெல்ல ஆறும்போது முளைக்கும். வெட்டுக்காயமோ கொப்புளமோ உள்ள கையால் பரிமாறினால் தோலில் வாழும் ஸ்டஃபைலோகொக்கசும் சேர்ந்துகொள்ளும். அது விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையான வெப்பமே இவை பெருகும் வெளி. நம் ஊர்ப் பகல் முழுவதும் அதற்குள் அடங்கும். ஆகவே ஆழமான சட்டியில் குவித்து வைக்காமல் அகலமான தட்டத்தில் மெல்லியதாகப் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் ஏற்றுங்கள். பரிமாறும்போதும் 2 மணி நேரமே கணக்கு. பந்தலடி வெயிலில் 32 பாகையைத் தாண்டினால் 1 மணி நேரம். ஒரே பெரிய தட்டத்துக்குப் பதிலாக இரண்டு சிறிய தட்டங்களில் செய்து, ஒன்று முடிந்தபின் மற்றதை எடுப்பது நல்ல வழி. மிச்சம் மூன்று நாளுக்குள் முடிய வேண்டும்.

2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். கதவு திறக்காத பிரிட்ஜ் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிரைக் காக்கும். அதற்கு மேல் போனால் புடிங்கை முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். நோய் தரும் கிருமிகள் மணம் காட்டுவதில்லை.

சாப்பிட்டபின் வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் முதலில் நீரிழப்பை ஈடுசெய்ய வேண்டும். ஜீவனி போன்ற வாய்வழி நீரேற்றக் கரைசலை அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல், குழந்தை சோர்ந்து கிடத்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

யாருக்கு எந்தத் துண்டு?

கஜு, பால், கோதுமை, முட்டை நான்குமே ஒவ்வாமை தரக்கூடியவை. விருந்தினர் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கஜு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுக் கொடுப்பது பாதுகாப்பாகாது. கஜு சேராத தட்டமே வேறாக வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு முழுக் கஜு தொண்டையில் சிக்கலாம், எனவே பொடித்தே போடுங்கள். மாரி கோதுமையில் செய்தது என்பதால் சீலியாக் நோயாளருக்கு இந்தப் புடிங் எந்த வடிவிலும் ஆகாது.

நீரிழிவு உள்ளவருக்கு இந்தக் குறைந்த சீனிப் புடிங்கும் மருந்தல்ல, உணவுதான். வெறுவயிற்றில் வேண்டாம். மரக்கறியும் மீனும் பருப்பும் முதலில் சாப்பிட்டு, அன்றைய சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்து, அந்த இடத்தில் அரைத் துண்டை வைக்கலாம். இனிப்புக்காக இன்சுலினையோ மாத்திரையையோ தானாகக் கூட்டக்கூடாது. வைத்தியர் சொன்ன அளவே அளவு.

எந்த விசேஷ வீட்டிலும் சீனி வருத்தமுள்ள ஒரு அம்மம்மா இருப்பார். எல்லோருக்கும் தட்டு போகும்போது அவருக்கு மட்டும் போகாது. யாரும் பார்க்காத நேரம் குசினிக்குப் போய், 'கொஞ்சமாய்த் தா பிள்ளை, இண்டைக்கு மட்டும்தானே' என்று கேட்டு, பழைய ஐசிங் புடிங்கில் ஒரு பெரிய துண்டை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வருவார். காய்ச்சிச் செய்த தட்டம் மேசையில் இருந்தால் அவருடைய அரைத் துண்டை எல்லோருக்கும் முன்னால், கதிரையில் இருந்தே சாப்பிடலாம்.