கடல் தொட்டிக்குப் பவளம் வேண்டாம், சுட்ட மண் போதும்

கடல் எட்டாத வேப்பூரிலும் இன்று வீட்டுக் கூடத்தில் கடல்மீன் வளர்க்கலாம். 100 லிட்டர் சுத்தமான நீரில் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ செயற்கைக் கடலுப்பைக் கரைத்தால் கடல்நீர் கிடைத்துவிடும். ஆனால் அந்த நீரில் உடனே மீன்களை விட்டால் பிழைப்பது கடினம். மீன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதே அம்மோனியாதான். கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருப்பதால், பிஎச் 7 உள்ள நன்னீரைவிட அதில் அம்மோனியாவின் நச்சு வடிவம் சுமார் பத்து மடங்கு கூடுதல். இந்த நஞ்சைத் தீர்ப்பவை பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்த வேலை இரு கட்டமாக நடப்பதை ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் காட்டினார். ஈ. கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். அம்மோனியாவைத் தீர்க்கும் பாக்டீரியாக்கள் இரட்டிப்பாகவோ பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளே ஆகும். அதனால்தான் புதுத் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கிறது. மீன் வளர்ப்போர் இதைத்தான் ‘சைக்கிள்’ ஆவது என்கிறார்கள்.

இந்தக் காத்திருப்பைச் சுருக்க, பல நாடுகளில் ‘லைவ் ராக்’ எனும் உயிர்ப்பாறையைத் தொட்டியில் அடுக்குகிறார்கள். பாசியும் புழுக்களும் பாக்டீரியாக்களும் குடியேறிய பவளத் துண்டுகள் அவை. இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961இல் இம்முறையை எழுதி அறிமுகப்படுத்தினார். முறை பலன் தருகிறது என்பதில் ஐயமில்லை. பலன் எதனால் என்பதே கேள்வி. பாறையின் வெளிப்புறத் துளைகளில் ஆக்சிஜன் உண்டு; அங்கே அம்மோனியா தீர்கிறது. ஆக்சிஜன் எட்டாத உட்புறத்தில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. ஆக, தேவைப்படுவது நுண்துளைகள். நீரில் கரையாத, நஞ்சு கசியாத, துளையுள்ள எந்தப் பொருளாலும் அவற்றைத் தர முடியும்.

தேவை பவளமல்ல, துளைகளே என்ற இந்த வேறுபாடு நமக்கு மிக முக்கியம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளம் வெட்டப்பட்டது. தேசியப் பூங்காவாக 1986இல் அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கியதற்கு அந்த வெட்டும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. திட்டு அமைக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து பவளப்பாறையைப் பெயர்த்து விற்பது குற்றம்.

மாற்று, பக்கத்து விருத்தாசலத்திலேயே இருக்கிறது. அங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டைக்குக் களிமண்ணும் சூளையும் புதிதல்ல. களிமண்ணில் உமியையோ மரத்தூளையோ கலந்து சுட்டால், அவை எரிந்த இடமெல்லாம் துளையாக நிற்கும். குடிநீர் வடிக்கும் மண் வடிகட்டிகள் இப்படித்தான் உருவாகின்றன. இதே வழியில் குகையும் மேடுமாகத் தொட்டிக்கான பாறைகளை வார்க்கலாம். ஒரு நிபந்தனை: மெருகுப்பூச்சு கூடாது. பூச்சு துளைகளை அடைத்துவிடும். அதில் செம்பு இருந்து கசிந்தால் இறால், நண்டு போன்றவை மடியும்.

சுட்ட பாறை உயிரற்றது, உயிர்ப்பாறையின் பல்லுயிர் வளம் இதில் வராது என்பது நியாயமான மறுப்புதான். ஆனால் கடலிலிருந்து நெடுந்தூரம் வரும் பாறையில் பல உயிர்கள் வழியிலேயே செத்து, தொட்டியில் அம்மோனியாவைக் கூட்டுகின்றன. நமக்கு வேண்டிய பாக்டீரியாக்களை நன்றாக ஓடும் வேறொரு கடல் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சிலிருந்து கொண்டுவரலாம். பவளத்தின் சுண்ணாம்பு பிஎச் அளவைக் காக்கும் என்றும் சொல்வார்கள். பிஎச் 8க்கு மேல் அது மிகச் சொற்பமாகவே கரையும். தரமான கடலுப்பும் முறையான நீர்மாற்றமும் அந்த வேலையைச் செய்யும். காலம் கூடுதலாகும் என்பது மட்டும் உண்மை. ஆனால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையமும் மண்டபத்திலுள்ள கடல்மீன் ஆராய்ச்சி மையமும் கோமாளி மீனையே பொரிப்பகத்தில் பெருக்கிக் காட்டிவிட்டன. மீனைக் கடலிலிருந்து பிடிக்கத் தேவையில்லை என்றான பின், அதற்கு வீடமைக்கப் பவளத்தை உடைப்பதில் என்ன நியாயம்?

தொட்டி தொடங்குவோர் தூய அம்மோனியம் குளோரைடை இட்டு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா இருக்கும்படி செய்து பாக்டீரியாக்களுக்கு இரை கொடுங்கள். சோதனைக் கருவியால் அளந்து வாருங்கள். அப்படி இட்ட அம்மோனியாவும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்துக்குள் மறைந்தால் தொட்டி தயார். அதுவரை ஒரு மீனையும் விடாதீர்கள். பவளப்பாறை விற்பவரிடம் ஒரு துண்டும் வாங்காதீர்கள்.