கேள்வி மாறியபோது

பட்டர்வொர்த்துக்கு வேலை தேடி வரும் தோட்டத்து இளைஞர் சிலர், தாம் பிறந்த இடத்தைச் சொல்லக் கூசுகின்றனர். அண்டை மாநிலமான கெடாவில் நிகழ்ந்த ஒன்றை அவர்கள் அறிதல் நன்று.

1950-களில் தோட்டத் துண்டாடல் பரவியது. வெளிநாட்டு முதலாளிகள் விற்ற தோட்டங்கள் கூறுபோடப்பட, பால்மரம் வெட்டியோர் பலர் வேலையும் வீடும் இழந்தனர். துரை நம்மை என்ன செய்வாரோ என்பதே லயந்தோறும் எழுந்த கேள்வி. துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, அத்தோட்டங்களை நாமே ஏன் வாங்கலாகாது என்று எண்ணச் செய்தார்.

1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் 10 வெள்ளி கட்டவேண்டும். அன்றைய கூலியில் அது சிறுதொகையன்று. வீட்டுச் செலவைச் சுருக்கினாலன்றி இயலாது. கணவனும் மனைவியும் கலந்து பேசியே முடிவெடுக்க வேண்டியிருந்தது. (அதுவும் ஒரு நன்மையே!) 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று.

மரமும் உளியும் மங்கும் அவையே. விடியுமுன் எழும் உழைப்பும் அதுவே. ஆயினும், கூட்டுறவில் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. கிராணியின்முன் கைகட்டி நின்றவர், சங்கத்தில் கணக்குக் கேட்கும் உரிமை பெற்றார்.

இளைஞரே, உம் பாட்டனாரிடமோ பாட்டியாரிடமோ அந்தப் பங்கைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பாரும்.