உங்களுக்குத் தெரியுமா? தொண்ணூறு வயதிலும் தசை வலுப்பெறும்

மோகனூர் காந்தமலை முருகன் கோயில் படிகளில் ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் தொடைத் தசையை அதிகம் சோதிப்பது இறங்குவதுதான்! அப்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாதவர்களுக்கு மறுநாள் வலிப்பது இதனால்தான்.

வயது ஏற ஏற இந்தத் தசை கரையும். ஐம்பதுக்கு மேல் நடைப்பயிற்சி மட்டும் போதுமா? போதாது. நடை இதயத்துக்கு நல்லது; கரையும் தசையைக் காக்க எடையோடு மல்லுக்கட்ட வேண்டும். 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இன்றும் வியக்க வைக்கிறது. முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதுள்ள 10 பேருக்கு 8 வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த 9 பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஊன்றுகோலோடு நடந்த இருவர் அதைக் கைவிட்டார்கள். கோவை நானம்மாள் பாட்டி தொண்ணூறு கடந்தும் யோகா கற்றுக்கொடுத்து, 2018இல் பத்மஸ்ரீ பெற்றதையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது.

வாரம் 150 நிமிட வேகநடை, 2 நாள் தசைப் பயிற்சி, 65 வயதானால் 3 நாள் சமநிலைப் பயிற்சி: இது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவதே நல்ல தொடக்கம். தசைக்குப் புரதமும் வேண்டும்; நம் நாமக்கல் முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் இருக்கிறது.

இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். எடை தூக்கும்போது யாரும் மூச்சை அடக்காதீர்கள்.