ரோலர் கோஸ்டரும் சுரங்கப்பாதையும்: சிலிர்ப்பின் அறிவியல்

பொழுதுபோக்குப் பூங்காக்களில், ஏற்ற இறக்கமும் வளைவும் நிறைந்த தண்டவாளத்தில் ஓடும் சவாரி வண்டி ரோலர் கோஸ்டர் எனப்படுகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த இயந்திரம் கிடையாது. உச்சிவரை சங்கிலியால் இழுத்துச் சென்று விட்டுவிட்டால், பிறகு புவியீர்ப்பு விசையே வண்டியை ஓட்டுகிறது. பல ரோலர் கோஸ்டர்களில் பாதையின் ஒரு பகுதி சுரங்கத்துக்குள் அமைக்கப்படுகிறது. சமதளத்திலுள்ள சுரங்கம் வண்டியின் வேகத்தைச் சிறிதும் கூட்டுவதில்லை. ஆனாலும் பயணிகள் அதிகமாகக் கூச்சலிடும் இடம் பெரும்பாலும் அதுவே. இதற்கான காரணங்களைத் தென்காசி மாவட்டத்து மாணவர்கள் பூங்காவுக்குப் போகாமலேயே அறியலாம். செங்கோட்டையிலிருந்து கேரளத்துக்குச் செல்லும் மலை ரயிலில் ஏறினால் போதும்.

செங்கோட்டை மலைப்பாதை

குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருவது மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள ஆரியங்காவுக் கணவாய். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளி வழியாகத் தென்காசிப் பக்கம் புகுகிறது. அதே கணவாயைப் பயன்படுத்தித்தான் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே மீட்டர் பாதை போடப்பட்டு, 1904-ல் போக்குவரத்து தொடங்கியது. 2010-ல் அதன் மலைப்பகுதி மூடப்பட்டு, அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2018-ல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. கழுதுருட்டியிலுள்ள பதின்மூன்று கண் பாலம் இப்பாதையின் அடையாளங்களுள் ஒன்று.

செங்கோட்டையை விட்டு வயல்களையும் தென்னந்தோப்புகளையும் கடக்கும் ரயில், பகவதிபுரத்துக்குப் பின் மலைக்குள் நுழைகிறது. அங்கிருந்து ஆரியங்காவு செல்லும் வழியில் இப்பாதையின் மிக நீளமான குகை உள்ளது. அதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. மலைப்பகுதியில் ரயில் மெதுவாகத்தான் போகும். இருந்தும் குகைக்குள் நுழைந்ததும் வண்டி வேகமெடுத்தது போலத் தோன்றும், சத்தம் பெருகும், குளிர்ந்த காற்று முகத்தில் படும், பெட்டிக்குப் பெட்டி சிறுவர்கள் ‘ஓ’வென்று குரல் கொடுப்பார்கள். ரோலர் கோஸ்டர் சுரங்கத்தில் நடப்பதும் இதுவேதான்.

ரயிலிலிருந்து பிறந்த சவாரி

இந்த ஒற்றுமை தற்செயலானது அன்று. ரோலர் கோஸ்டரின் முன்னோடிகளுள் ஒன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மாக் சங்க் என்ற ஊரில் 1827-ல் தொடங்கிய நிலக்கரி ரயில்பாதை. சரிவில் தானாக உருண்டு இறங்கிய அந்த வண்டிகளில் மக்கள் காசு கொடுத்து ஏறத் தொடங்கினர். பின்னர் அது முழுக்கவே உல்லாசப் பயணப் பாதையாயிற்று. லாமார்கஸ் தாம்சன் என்பவர் 1884-ல் நியூயார்க்கின் கோனி தீவில் சவாரிக்கென்றே ஒரு சரிவு ரயிலை அமைத்தார். 1887-ல் அட்லாண்டிக் சிட்டியில் அவர் அமைத்த ‘சீனிக் ரெயில்வே’யில் இருண்ட சுரங்கங்களும், வண்டி வரும்போது ஒளிரும் ஓவியக் காட்சிகளும் இடம்பெற்றன. மலை ரயிலின் குகை அனுபவம் அவ்வாறு ஒரு விளையாட்டுப் பொருளாயிற்று.

சுரங்கத்துக்குள் நடப்பது என்ன?

கண்: வெயிலிலிருந்து இருட்டுக்குள் போனால் உடனே எதுவும் தெரிவதில்லை. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்கள் முழுத் திறன் பெற 20 முதல் 30 நிமிடம் ஆகும். ரோலர் கோஸ்டர் சுரங்கமோ சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. வெளியே இருக்கும்போது அடுத்து வரும் வளைவைக் கண் முன்கூட்டியே பார்க்கிறது; உடலும் அதற்கேற்பச் சாய்ந்து தயாராகிறது. இருட்டில் அந்த முன்னறிவிப்பு இல்லை. உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்கள் திருப்பத்தை உணர்ந்து சொன்ன பிறகே மூளைக்குச் செய்தி தெரிகிறது. எதிர்பாராமல் வரும் சிறிய வளைவுகூடப் பெரிதாகத் தோன்றுவது இதனால்தான்.

அருகிலுள்ள சுவர்: மங்கிய வெளிச்சமுள்ள சுரங்கத்தில் நடப்பது வேறு. பக்கவாட்டில் ஒரு பொருள் எவ்வளவு விரைவாகக் கண்ணைக் கடக்கிறது என்பது, வண்டியின் வேகத்தைப் பொருளின் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும். ரயில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். 100 மீட்டர் தள்ளியிருக்கும் மரத்தைவிட, 1 மீட்டர் தள்ளியிருக்கும் குகைச் சுவர் 100 மடங்கு விரைவாகக் கண்ணைக் கடக்கும். ரயிலின் வேகம் மாறவில்லை. மாறியது தூரம் மட்டுமே. மூளை அதையே வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. சன்னலோரம் அமர்ந்து, முதலில் தொலைவிலுள்ள மலையையும் பிறகு தண்டவாளத்தை ஒட்டிய பாறையையும் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும்.

காது: திறந்த வெளியில் சக்கரத்தின் ஒலி நாற்புறமும் பரவிக் குறைந்துவிடும். சுரங்கத்தில் அது சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. பயணிகளின் கூச்சலும் அவ்வாறே பெருகி அவர்களிடமே திரும்புவதால், ஒருவரின் பதற்றம் மற்றவர்களையும் தொற்றிக்கொள்கிறது.

காற்று: வெளியில் வண்டியின் முன்னுள்ள காற்று எளிதாக விலகிக்கொள்ளும். குறுகிய சுரங்கத்தில் விலக இடம் இல்லை. சைக்கிள் பம்பில் உந்துதண்டு காற்றைத் தள்ளுவது போல, வண்டி காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. உள்ளே வெயில் படாததால் காற்று குளிர்ச்சியாகவும் இருக்கிறது.

இந்த நான்கும் சேர்ந்தால் மிதமான வேகமே போதும் என்பதற்கு நல்ல சான்று ‘ஸ்பேஸ் மவுண்டன்’. அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு பூங்காவில் 1975-ல் திறக்கப்பட்ட இந்தச் சவாரி முழுவதும் இருண்ட கட்டடத்துக்குள் ஓடுகிறது. இதன் அதிகபட்ச வேகம் மணிக்குச் சுமார் 45 கி.மீ. மட்டுமே. நம் ஊர்ச் சாலையில் மோட்டார் சைக்கிள் சாதாரணமாகப் போகும் வேகம் அது.

வேகம் உண்மையிலேயே கூடும் இடம்

சுரங்கம் தரைக்கு அடியில் இறங்கினால் மட்டும் நிலைமை மாறும். அப்போது வண்டி விழும் உயரம் அதிகரிக்கிறது. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 1998-ல் திறக்கப்பட்ட ‘ஒப்லிவியன்’ இதற்கு எடுத்துக்காட்டு. தரைக்கு மேல் அதன் உயரம் சுமார் 20 மீட்டர்தான். ஆனால் வண்டி நிலத்தடிச் சுரங்கத்துக்குள் பாய்வதால் மொத்த வீழ்ச்சி சுமார் 55 மீட்டர். உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 20 மீட்டர் வீழ்ச்சியில் மணிக்குச் சுமார் 71 கி.மீ. வேகமும், 55 மீட்டர் வீழ்ச்சியில் சுமார் 118 கி.மீ. வேகமும் கிடைக்க வேண்டும். உண்மையில் அந்த வண்டி எட்டும் வேகம் சுமார் 110 கி.மீ. உராய்வும் காற்றின் தடையும் எடுத்துக்கொண்ட பங்கு போக மீதி இது.

சிலிர்ப்பும் ஆபத்தும்

ரோலர் கோஸ்டர் சுரங்கத்தின் வாயிலை நெருங்கும்போது தலை இடித்துவிடுமோ என்ற அச்சம் எழும். பலர் தம்மையறியாமல் குனிவார்கள். இந்த அச்சம் திட்டமிட்டு உண்டாக்கப்படுவது. பயணி எவ்வளவு எட்டிக் கை நீட்டினாலும் சுவர் படாதபடி இடைவெளி அளந்து விடப்பட்டிருக்கிறது. இருக்கையை விட்டு எழ முடியாதபடி தடுப்புக் கம்பியும் பிடித்துக்கொள்கிறது. அங்கே ஆபத்து தோற்றம் மட்டுமே.

மலை ரயிலின் குகை அப்படிப்பட்டதன்று. அதன் இடைவெளி, பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் கணக்கிட்டு விடப்பட்டது. வாசற்படியில் தொங்குபவரையோ, கைப்பேசியில் படம் எடுக்கக் கை நீட்டுபவரையோ கணக்கிட்டு விடப்பட்டதன்று. குகைக்குள் நுழைந்த நொடியில் கண் தெரியாமல் போவதையும், தூரத்தைச் சரியாகக் கணிக்க முடியாமல் போவதையும் மேலே கண்டோம். ரோலர் கோஸ்டரில் மகிழ்ச்சி தரும் அதே காரணங்கள் ரயில் வாசலில் நிற்பவரின் உயிரைப் பறிக்கக்கூடும். ரயில்வே பணியாளர் எச்சரித்த பின்னும் படியிலோ கூரையிலோ பயணம் செய்வது, 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 156-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ 500 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாகும்.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருவோர் பலர் இந்த மலைப்பாதையையும் பார்க்க விரும்புவர். குகையின் இருளும் குளிரும் எதிரொலியும் சன்னலோர இருக்கையிலேயே முழுமையாகக் கிடைக்கும். அவற்றுக்காக வாசலுக்குப் போக வேண்டிய தேவையில்லை.