சரளைக் குழிகளும் புன்செய் நிலங்களும்

கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து கிழக்கே சரிந்து செல்லும் கள்ளக்குறிச்சிப் பிரதேசத்தின் புன்செய்களில், செம்மண்ணுக்கு அடியில் பல இடங்களில் கிராவல் என்னும் சரளை மண் அகப்படுகிறது. சாலை வேலைக்கும் மனைகளை மேடாக்குவதற்கும் இதற்குக் கிராக்கி அதிகம். ரொக்கம் வருகிறதே என்று நிலம் முழுவதையும் ஒரே வீச்சில் வெட்டவிட்டால், பின்பு அந்தக் குழியில் கொள்ளும் முளைக்காது.

கணக்கைச் சற்றுக் கவனிக்கவும். 1 ஏக்கரில் 2 மீட்டர் ஆழம் வெட்டினால் சுமார் 8,000 கன மீட்டர் சரளை வெளியே போகிறது. அதன் மேல் கிடந்த அரை அடி மேல்மண்ணோ ஏறக்குறைய 600 கன மீட்டர்தான். பயிரை வளர்ப்பது அந்த 600-தான். அதையும் சரளையோடு கலந்து வண்டியேற்றுவது வித்தை மறந்து விதைநெல்லை விற்பதற்கு ஒப்பாகும்.

4 ஏக்கர் நிலமாயின் நான்கு பாத்திகளாகப் பிரித்து, தாழ்ந்த பக்கத்துப் பாத்தியை முதலில் திறப்பது நலம். குழியில் சேரும் மழைநீர் தானே வடியும். முதற்பாத்தியின் மேல்மண்ணை உயர்ந்த பக்கத்து எல்லையோரமாக, 2 மீட்டருக்கு மேற்படாத கரையாகக் குவித்துச் சணப்பை விதைத்து வைக்கவேண்டும். மேட்டிலிருந்து ஓடிவரும் வெள்ளத்தையும் அக்கரை ஒதுக்கும். இரண்டாம் பாத்தியைத் திறக்கும்போது அதன் மேல்மண் நேரே முதற்குழியின் தரையில் பரவும். மூன்றாவதன் மண் இரண்டாவதற்கு, நான்காவதன் மண் மூன்றாவதற்கு. கடைசிக் குழிக்கு எல்லையோரக் கரை காத்திருக்கும். முதற்பாத்தியின் மண்ணைத் தவிர வேறெதையும் இருமுறை சுமக்கவேண்டியதில்லை.

மண் பரப்புமுன், லாரிச் சக்கரங்களால் இறுகிய தரையை உளிக்கலப்பையால் ஓர் அடி ஆழமாவது கிளறவேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. வேர் இறங்காததற்கு மண்ணைக் குறை கூறுவர். தைமுதல் சித்திரைவரை வெட்டும் வேலையை முடித்து, கோடை மழைக்குள் மண்ணைப் பரப்பி, ஆடியில் கொழுஞ்சியோ சணப்பையோ விதைத்து மடக்கி உழுவது உத்தமம்.

பழைய தென்னாற்காடு ஜில்லாவில் கள்ளக்குறிச்சியோடு சேர்ந்திருந்த நெய்வேலியில், 1957-இல் துவங்கிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், வெட்டிய பள்ளத்தை மேற்கழிவு மண்ணால் நிரப்பி, பசுந்தாள் உரமும் தொழுவுரமும் இட்டு நெல்லும் பயிரிட்டுள்ளனர். ஆனால் நமக்கு நிரப்புமண் கிடையாது. நிலம் தாழ்ந்தேதான் நிற்கும். ஆகையால் நிலத்தடி நீர்மட்டத்திற்கு மேலேயே தோண்டுதலை நிறுத்துவதும், தரைக்கு வடிசரிவு விடுவதும் இன்றியமையாதவை.

பக்கச் சுவர்களைப் பற்றி 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் தெளிவாய் உள்ளன: சரளை மண்ணில் சரிவு 45 பாகைக்கு மேற்படலாகாது, அல்லது ஒன்றரை மீட்டருக்கு மேற்படாத படிகளாக, உயரத்திற்குக் குறையாத அகலத்தோடு வெட்டவேண்டும். வேலை முடிந்தபின் ஏர் ஏறி இறங்கும்படி இதனினும் சாய்வாக்கிக்கொள்வது நல்லது. செங்குத்தாக விட்ட குழியில் மழைநீர் தேங்கினால் ஆடுமாடுகளுக்கும் சிறுவர்களுக்கும் அது மரணக்குழியே.

பட்டா நிலமாயினும் 1959-ஆம் ஆண்டுச் சிறுகனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி வேண்டும். 5 ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. மீட்பு வேலையைக் குத்தகைதாரரின் வாய்ச்சொல்லுக்கு விடாமல், முதற்பாத்தியில் மண் பரவாதவரையில் மூன்றாம் பாத்தியைத் திறக்கலாகாது என்று உடன்படிக்கையில் எழுதிக்கொள்வது நிலச்சொந்தக்காரர் பொறுப்பு. கிராம அதிகாரிகள் அளவுக்கற்கள் பெயராதிருக்கின்றனவா, அண்டை நிலத்திற்கு விடவேண்டிய இடைவெளி இருக்கிறதா என்று மழைக்கு முன்னும் பின்னும் நேரில் பார்த்தல் வேண்டும்.

மேல்மண் போதாதவர்கள் ஏரி வண்டலை நாடலாம். 2024 முதல் விவசாயத்திற்கான வண்டல் மண்ணுக்குத் தாசில்தாரே கட்டணமின்றி அனுமதி அளிக்கிறார். கோடையில் ஏரி வற்றியவுடன் மனுச் செய்தால், ஆடி விதைப்புக்குள் மண் வந்து சேரும்.