ஒரே படகு, வளரும் பாய்

கடலை விட்டு வெகு தொலைவில் உள்ள நகரம் ஐதராபாத். அங்குள்ள உசேன் சாகர் 16ஆம் நூற்றாண்டில் குதுப் ஷாகி ஆட்சியில் உருவான செயற்கை ஏரி. அந்த ஏரியில் பாய்மரப் படகு செலுத்தப் பழகிய பெண் ஒருவர் ஆசிய விளையாட்டுப் போட்டி வரை சென்றிருக்கிறார். அவர் பிரீத்தி கொங்கரா. 2023இல் சீனாவில் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், சுதான்ஷு சேகருடன் இணைந்து, இருவர் செலுத்தும் 470 வகைப் படகில் அவர் இந்தியாவின் சார்பில் போட்டியிட்டார். அவர் பயின்ற ஐதராபாத் யாட் கிளப்பை 2009இல் சுகீம் ஷேக் நிறுவினார். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளையும் தேடிச் சேர்த்துப் பயிற்றுவிப்பது அச்சங்கத்தின் சிறப்பு.

இத்தகைய செய்திகளைப் படிக்கும் பெற்றோருக்கு ஆர்வமும் அச்சமும் ஒருங்கே எழுவது இயல்பு. படகு வாங்கும் செலவு நம்மால் ஆகுமா? இக்கேள்விக்கு விடை காண, இவ்விளையாட்டின் படிநிலைகளை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

தொடக்கம் ‘ஆப்டிமிஸ்ட்’ என்னும் சிறு படகு. நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. 15 வயது நிறையும் ஆண்டு வரையே அதில் போட்டியிடலாம். அடுத்தது ‘ஐ.எல்.சி.ஏ.’ வகை. இதில் படகின் உடல் ஒன்றே. செலுத்துபவர் வளர வளரப் பாயும், பாய்மரத்தின் கீழ்ப்பகுதியும் மட்டுமே மாறுகின்றன. பாயின் பரப்பு இளையோருக்கு 4.7 சதுர மீட்டர்; ஒலிம்பிக் மகளிர் பிரிவில் 5.76, ஆடவர் பிரிவில் 7.06. ஆகவே ஒருமுறை வாங்கும் படகு பல ஆண்டுகள் பயன்படும்.

வெற்றியும் படிப்படியாகவே வருகிறது. ஒவ்வோர் ஓட்டத்திலும் முதலில் வருபவருக்கு 1 புள்ளி, இரண்டாமவருக்கு 2 புள்ளி. குறைந்த மொத்தம் பெறுபவரே வெற்றியாளர். பல ஓட்டங்கள் கொண்ட தொடரில் மிக மோசமான ஓட்டம் கணக்கிலிருந்து நீக்கப்படும். ஒருநாள் சறுக்கலைப் பொறுத்துக்கொண்டு, சீரான உழைப்பையே இவ்விதி மதிக்கிறது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி. 2021இல் டோக்கியோவில் 35ஆம் இடம் பெற்ற அவர், 2024இல் பாரீசில் 21ஆம் இடத்துக்கு உயர்ந்தார்.

இனிச் சேமிப்பு. ஆப்டிமிஸ்ட் பருவத்தில் பயிற்சிச் சங்கத்தின் படகே பெரும்பாலும் போதுமானது. சொந்தப் படகு பற்றிய முடிவு 15ஆம் வயதை ஒட்டி வருகிறது; பொருள் இன்மையால் திறமையுள்ள பிள்ளை கரையில் நின்றுவிடக்கூடிய இடமும் அதுவே. 10 வயதில் தொடங்கும் 5 ஆண்டுத் தொடர் வைப்பு சரியாக அவ்வேளையில் முதிர்வடையும். செல்வமகள் சேமிப்புத் திட்டத் தொகையை இதற்கென நம்பியிருத்தல் கூடாது. அதிலிருந்து இடையில் பணம் எடுப்பது உயர்கல்விக்கே, அதுவும் பத்தாம் வகுப்புத் தேறிய பின்னோ 18 வயது நிறைந்த பின்னோதான் இயலும். எனவே படிப்புக்கு ஒரு கணக்கும் விளையாட்டுக்கு ஒரு கணக்குமாகத் தனித்தனியே வைத்துக்கொள்வது நலம்.

காற்று வீசும் திசையை நாம் தீர்மானிக்க இயலாது. பாய் மாற்ற வேண்டிய வயதை முன்னரே அறியலாம்; அதற்கான தொகையை இன்றே சேர்க்கத் தொடங்கலாம்.