உங்களுக்குத் தெரியுமா? கடலைக் கடந்த 12 வயது

கோடியக்கரையில் நின்றால் எதிரே விரிவது பாக் நீரிணை. 1954-இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி யாழ்ப்பாணக் கரையிலிருந்து நீந்திவந்து இந்தக் கோடியக்கரையில்தான் கரையேறினார்.

அதே நீரிணையின் தென்பகுதியை, தலைமன்னார் பக்கமிருந்து, 1994-இல் நீந்திக் கடந்தபோது ஈரோட்டைச் சேர்ந்த குற்றாலீஸ்வரனுக்கு வயது 12. பள்ளி மாணவன்! அந்த ஒரே ஆண்டில் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீரிணைகளைக் கடந்து, 1966-இல் மிகிர் சென் ஐந்தைக் கடந்து படைத்த சாதனையை முறியடித்தார். அர்ஜுனா விருதும் தேடிவந்தது. ஆனால் நீச்சலைத் தொடரப் போதிய பண உதவி கிடைக்கவில்லை. பொறியியல் படிக்கப் போய்விட்டார். இது அவர் தோல்வி அல்ல, நம்முடைய இழப்பு.

பணம் ஒரு சோதனை என்றால், சிறுவயதிலேயே ஒரே விளையாட்டில் இறங்கினால் உடலுக்கும் சோதனைதான். ஒரே தசையும் மூட்டும் ஓயாமல் உழைப்பதால் தேய்மானக் காயங்கள் வரும், மனமும் சலித்துவிடும். 15, 16 வயதுவரை பல விளையாட்டுகளையும் ஆடவிடுவதே நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-இல் அறிவுறுத்தியது. வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வும் வேண்டும் என்கிறது.

வேதாரண்யம் பக்கத்துப் பெற்றோரே, கபடிக்கு ஓடும் பிள்ளையை நீந்தவும் விடுங்கள், பந்தாடவும் விடுங்கள். எதில் நிலைப்பது என்பதை அவர்களே சொல்வார்கள்.